மலைக்காற்றை அளக்க: அல்ட்ராசோனிக் சென்சாரின் எல்லையை நீட்டுவது எப்படி?

எந்தக் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட் பட்டியலை எடுத்தாலும் அதில் ஒரு அல்ட்ராசோனிக் காற்றுமானி இருக்கும். மேசை விசிறி முன்னால் வைத்தால் அழகாக வேலை செய்யும். விசிறியை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்பினால் திரையில் எண்ணும் ஏறும். டெமோ முடிஞ்சுது, மார்க்கும் வந்தாச்சு.

அதே பெட்டியைக் கொடைக்கானலில் தூண் பாறை ஓரமாகவோ, கோக்கர்ஸ் வாக்கின் கம்பி வேலிப் பக்கமாகவோ பலத்த காற்று அடிக்கும் நாளில் மாட்டிப் பாருங்கள். வினாடிக்கு 10 மீட்டர் காற்று வீசும்போது அது "மைனஸ் 4.5" என்று காட்டும். அதாவது காற்று எதிர்த் திசையிலிருந்து வருகிறதாம்! காற்று 20 மீட்டரைத் தொட்டால் "5.6" என்று சாதுவாகச் சொல்லும். சென்சார் கெட்டுப்போகவில்லை, கோடிலும் பிழை இல்லை. அதன் அளவீட்டு எல்லை அங்கே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த எல்லை எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நீட்டலாம் என்பதுதான் இந்த இதழில் நம்ம பாடம்.

எவ்வளவு தூரம் நீட்ட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம். கட்டடங்களின் மீது காற்று தரும் விசைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, பகுதி 3. அது நாட்டை அடிப்படைக் காற்று வேகத்தின்படி ஆறு மண்டலங்களாகப் பிரிக்கிறது: வினாடிக்கு 33, 39, 44, 47, 50, 55 மீட்டர். குன்று, செங்குத்துப் பாறை போன்ற இடங்களுக்கு இந்த வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. பேச்சுக்கு 39 மீட்டர் மண்டலத்தில் ஒரு மலை விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற காரணிகளை விட்டுவிட்டாலும் 39 × 1.36 = 53 மீட்டர். மணிக்கு 190 கிலோமீட்டர். அதனால் பழனி மலை உச்சியில் நிற்கப் போகும் கருவிக்கு 60 மீ/வி என்று குறிவைப்பது ஆடம்பரம் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல், நாகைக் கரையோடு நிற்காமல் உள்ளே வந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஓர் இரவின் உச்ச வீச்சுதான் நமக்கு வேண்டிய எண். கூரை போடுகிறவருக்கும், கோபுரம் நிறுத்துகிறவருக்கும் அதுதான் வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கருவி குழம்பினால் மீதி 364 நாள் தரவும் அலங்காரம்தான்.

கிண்ணக் காற்றுமானி போதாதா என்று கேட்பீர்கள். ராபின்சன் 1846-இல் செய்த வடிவம் இன்னும் உழைக்கிறது, மரியாதைக்குரிய கருவிதான். ஆனால் கிண்ணம் சுழலத் தொடங்கவே ஓரளவு காற்று வேண்டும். சுழன்ற பிறகு, காற்று நின்றாலும் அது உடனே நிற்காது. அதனால் விட்டு விட்டு வீசும் காற்றில் சராசரியைக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். கொடைக்கானல் மூடுபனியில் பேரிங்கின் கதியும் அதோகதி. அல்ட்ராசோனிக்கில் சுழலும் பாகமே இல்லை.

தொடாமல் அளப்பது கொடைக்கானலுக்குப் புதிதும் இல்லை. 1909-இல் அங்குள்ள சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஒளியின் அலைநீளம் நகர்வதை வைத்தே கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவர் சூரியனின் "காற்றை" ஒளியலையால் அளந்தார். நாம் மலையின் காற்றை ஒலியலையால் அளக்கப் போகிறோம். நம்ம வேலை சுலபம்தான்!

இரண்டு நேரம், ஒரு கழித்தல்

இரண்டு 40 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர்களை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வையுங்கள். முதலில் இடது பேசும், வலது கேட்கும். பிறகு வலது பேசும், இடது கேட்கும். காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும். காற்றை எதிர்த்து வரும் ஒலி தாமதிக்கும். ஒலியின் வேகம் 340 மீ/வி என்றால், காற்றே இல்லாதபோது இரண்டு பயணமும் 294 மைக்ரோ செகண்ட். 10 மீட்டர் காற்றில் ஒன்று 285.7, மற்றது 303.0. வித்தியாசம் 17.3 மைக்ரோ செகண்ட்.

காற்றின் வேகம் = (தூரம் ÷ 2) × (1/காற்றோடு நேரம் − 1/எதிர்த்து நேரம்)

கழித்தலைக் கூட்டலாக மாற்றினால் ஒலியின் வேகம் கிடைக்கும்:

ஒலியின் வேகம் = (தூரம் ÷ 2) × (1/காற்றோடு நேரம் + 1/எதிர்த்து நேரம்)

இந்த இரண்டாவது சமன்பாட்டைப் பலர் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எல்லையை நீட்டும் வித்தையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மேலே போனால் காற்று அழுத்தம் குறையுமே, ஒலியின் வேகமும் மாறுமே என்று ஒரு சந்தேகம் வரலாம். மாறாது. ஒலியின் வேகத்தை ஆள்வது வெப்பநிலை. 5 டிகிரியில் 334 மீட்டர், 25 டிகிரியில் 346 மீட்டர். உயரம் கெடுப்பது வேறொன்றை. 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 0.93 கிலோ, அடிவாரப் பழனியில் வெயில் நாளில் சுமார் 1.13. டிரான்ஸ்டியூசர் ஒரே மாதிரி அதிர்ந்தாலும், மெலிந்த காற்றில் அது எழுப்பும் ஒலியழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சிக்னல் சிறுத்தால் என்ன ஆகும் என்பதும் கீழே வருகிறது.

எல்லை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கீழ் எல்லை எளிது. ஆர்டுயினோ ஊனோவின் மைக்ரோஸ் கட்டளை 4 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறைதான் நகரும். நம் 10 சென்டிமீட்டரில் அது 2.3 மீ/வி காற்றுக்குச் சமம்! அதற்குக் கீழே எல்லாம் குருட்டு. அதே சிப்பின் டைமர்-1 இன்புட் கேப்சரை எடுத்தால் 62.5 நானோ செகண்ட், 0.036 மீ/வி வரை இறங்கலாம். நேரம் அளப்பதற்கென்றே உள்ள டி.டி.சி. 7200 போன்ற சிப் 55 பிக்கோ செகண்ட் வரை போகும், ஆனால் அந்த அளவுக்கு முன்பே உங்கள் சிக்னலின் இரைச்சல் வந்து குறுக்கே நிற்கும். டைமரை மாற்றுங்கள், கீழ்ப்பக்கம் முடிந்தது.

மேல் எல்லைதான் வில்லன். 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 25 மைக்ரோ செகண்ட். ஃபேஸை மட்டும் ஒப்பிட்டால், முட்கள் எங்கே நிற்கின்றன என்பது தெரியும். எத்தனை சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்கின்றன என்பது தெரியாது. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம் மாதிரி. வித்தியாசம் ±12.5 மைக்ரோ செகண்டைத் தாண்டினால் பதில் சுருண்டுகொள்ளும். 10 சென்டிமீட்டருக்கு அந்த எல்லை ±7.2 மீ/வி. முன்னே சொன்ன "மைனஸ் 4.5" எப்படி வந்தது என்று இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: 17.3 − 25 = −7.7 மைக்ரோ செகண்ட்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, தூரத்தைக் குறைப்பது. 5 சென்டிமீட்டரானால் எல்லை இரட்டிப்பாகி 14.5 ஆகும். சரி, 60 மீட்டர் வேண்டுமென்றால்? 12 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் டிரான்ஸ்டியூசரின் விட்டமே 16 மில்லிமீட்டர். மாப்பிள்ளையைவிட மாலை பெரிசு என்ற கதை. இடையில் காற்று போக வழியே இருக்காது. அதிர்வெண்ணைக் குறைப்பதும் அப்படித்தான்: 20 கிலோஹெர்ட்ஸில் எல்லை இரட்டிக்கும், நுட்பம் பாதியாகும், டிரான்ஸ்டியூசர் பெருக்கும்.

ஆகவே சுற்றுகளை எண்ணத்தான் வேண்டும். நிமிட முள்ளோடு ஒரு மணி முள்ளும் தேவை.

மணி முள்: சிக்னலின் உறை

எட்டு துடிப்புகள் அனுப்புகிறீர்கள். ஏற்பியில் அலை திடீரென்று முழு உயரத்துக்கு எழாது. ஊஞ்சல் மாதிரி ஒவ்வொரு சுற்றாக வீச்சு கூடும். இந்தப் பெருகும் வடிவம்தான் உறை. உறை எப்போது தொடங்கியது என்று தோராயமாகத் தெரிந்தால் எந்தச் சுற்று என்பதை முடிவு செய்யலாம். அந்தச் சுற்றுக்குள் பூஜ்யத்தைக் கடக்கும் இடம் நுட்பமான நேரத்தைத் தரும். மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒரே கருவியில் சேரும் இடம் இதுதான்.

பெரும்பாலான புராஜெக்ட்களில் ஒரு கம்பரேட்டருக்கு நிலையான வோல்டேஜ் கொடுத்து, சிக்னல் அதைத் தாண்டும் கணத்தைப் பிடிப்பார்கள். லேபில் மூன்றாவது சுற்று தாண்டும். மலையேறியதும் ஒலியழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, டிரான்ஸ்டியூசர் முகத்தில் பனித்துளி உட்காருகிறது, எதிர்க்காற்றுப் பயணத்தில் சிக்னல் இன்னும் மெலிகிறது. இப்போது மூன்றாவது சுற்று எட்டாது, நான்காவதுதான் தாண்டும். முழுசாக 25 மைக்ரோ செகண்ட் பிழை.

மருந்து: எல்லையை வோல்ட்டில் வைக்காமல், அந்தத் துடிப்பின் உச்சத்தில் இத்தனை சதவீதம் என்று வையுங்கள். உச்சம் பின்னால்தானே வரும், முன்னாலேயே எப்படித் தெரியும்? அதனால்தான் கம்பரேட்டரை விட்டுவிட்டு ஏ.டி.சி.க்குப் போகச் சொல்கிறேன். வினாடிக்கு 10 லட்சம் மாதிரி எடுக்கும் ஏ.டி.சி. இன்று மலிவான எஸ்.டி.எம். போர்டிலேயே இருக்கிறது. முழு அலையையும் பதிந்துகொண்டு, காற்றில்லாதபோது பதிந்த மாதிரி அலையோடு கிராஸ் கோரிலேஷன் செய்தால், வீச்சு பாதியானாலும் நேரம் நகராது. இன்னொரு தந்திரம், எட்டு துடிப்பின் நடுவில் ஃபேஸை 180 டிகிரி திருப்புவது. உறையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளமே அடையாளம்.

இரண்டு அதிர்வெண்ணில் அடிப்பதும் நல்ல வழி. 39, 41 இரண்டிலும் ஃபேஸ் எடுத்துக் கழித்தால், 2 கிலோஹெர்ட்ஸில் அளந்த மாதிரி: ஒரு சுற்று 500 மைக்ரோ செகண்ட், எல்லை ±250. 60 மீட்டர் காற்றுக்கு வேண்டிய வித்தியாசம் 107 மட்டுமே, தாராளம். விலை என்னவென்றால், கழித்த ஃபேஸில் பிழை 9 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தப்பான சுற்றில் போய் நிற்கும். மலிவு டிரான்ஸ்டியூசர்கள் 40-ஐ விட்டு நகர்ந்ததும் மெலிந்துவிடும், ஒத்ததிர்வும் குளிரில் நகரும் என்பதால் எனக்கு இதைவிட உறை வழியே பிடிக்கும்.

வெப்பநிலை என்ற சாட்சி

இப்போது அந்த மறந்துபோன கூட்டல் சமன்பாடு. ஒலியின் வேகம் கிடைத்தால் காற்றின் வெப்பநிலை கிடைத்தது போலத்தான். எதிர்க்காற்றுப் பயணத்தில் மட்டும் ஒரு சுற்று தவறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 294 என்பது 319 ஆகிவிட்டது. காற்று வேகம் சும்மாவே 13 மீ/வி எகிறும். பார்க்கிறவர் "பலத்த வீச்சு வந்திருக்கு போல" என்று நம்பிவிடுவார். ஆனால் அதே கணத்தில் ஒலியின் வேகமும் 340-இலிருந்து 327-க்கு விழும். வெப்பநிலையாக மாற்றினால் 22 டிகிரி சரிவு. டிசம்பர் கொடைக்கானலே ஆனாலும் இருபதில் ஒரு வினாடியில் 22 டிகிரி இறங்காது! ஆக, பொய் சொன்னது காற்று இல்லை, சுற்று. 25 மைக்ரோ செகண்டைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் வெப்பநிலை இடத்துக்கு வந்துவிடும், காற்றும் சரியாகும். இதற்குத் தனிச் செலவு கிடையாது. பத்து வரி கோடு.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒலி வெப்பநிலை ஈரப்பதத்தாலும் நகரும். மூடுபனி நிறைந்த 15 டிகிரி கொடைக்கானல் காற்றில் சாதாரண வெப்பமானியைவிட சுமார் 2 டிகிரி கூடுதலாகக் காட்டும். எனவே வெளியே மாட்டிய வெப்பமானியோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று டிகிரிக்கெல்லாம் அலறாதீர்கள். முந்தைய மாதிரியோடு ஒப்பிடுவதே நல்லது.

இந்தச் சாட்சிக்கும் ஒரு ஓட்டை உண்டு, வைவாவில் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்கணும். ஒரு பயணம் ஒரு சுற்று தாமதமாகவும் மற்றது ஒரு சுற்று முன்னதாகவும் தவறினால்? 319, 269. காற்று வேகத்தில் பிழை 29 மீ/வி, ஆனால் ஒலி வெப்பநிலை நகர்வது வெறும் 4 டிகிரி. இரைச்சல் மிகுந்த புயல் நேரத்தில் இந்த 4 டிகிரி கண்ணில் படாமல் போகலாம்.

இதை அடைக்க மூன்றாவது பாதை வேண்டும். இரண்டு ஜோடியை எல் வடிவில் வைப்பதற்குப் பதில், மூன்று டிரான்ஸ்டியூசர்களைச் சமபக்க முக்கோணமாக வையுங்கள். மூன்று பக்கங்களையும் ஒரே சுற்றுத் திசையில் எடுத்தால், மூன்று பாதையின் காற்றுக் கூறுகளையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வரணும். 29 மீட்டர் பிழை ஒன்றில் புகுந்தால் கூட்டுத்தொகையும் 29 காட்டும். மறைய இடமே கிடையாது. வைசாலாவின் டபிள்யூ.எம்.டி. 700 வரிசைக் கருவிகள் இந்த முக்கோண அமைப்பில்தான் வருகின்றன. மாடலைப் பொறுத்து 40, 65, 75 மீ/வி வரை அளக்கின்றன. டிரான்ஸ்டியூசரும் நான்குக்குப் பதில் மூன்றுதான், காசும் மிச்சம்.

முக்கோணத்தில் இன்னொரு லாபமும் இருக்கு. காற்று ஒரு பாதைக்கு நேர் இணையாக வீசும்போது முன்னால் நிற்கும் டிரான்ஸ்டியூசரே பின்னால் உள்ள பாதைக்கு நிழல் போட்டு, வேகத்தைக் குறைத்துக் காட்டும். 16 மில்லிமீட்டர் முகமும் 10 சென்டிமீட்டர் பாதையும் என்றால் விகிதம் 6 சொச்சம், இது மோசம். கேம்பல் நிறுவனத்தின் சி-சாட் 3 கருவியில் முகம் வெறும் 6.4 மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள். நம்மால் அவ்வளவு சிறியதை வாங்க முடியாவிட்டால், நிழலில் இருக்கும் பாதையை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டை வைத்தே வேகத்தையும் திசையையும் எடுக்கலாம். 10 சதவீதம் குறைத்துக் காட்டினால் என்ன போச்சு என்று நினைக்காதீர்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கம். பழனி மலைக்கு வடக்கே உடுமலை, தாராபுரம் பக்கமும், தெற்கே தேனிப் பக்கமும் காற்றாலை போடுகிறவர் கணக்கில் அது 27 சதவீதக் குறைவு.

அதிர்வெண்ணைக் கூட்டி 200 கிலோஹெர்ட்ஸ் போனால் நுட்பம் வருமே என்று கேட்டால், வரும். ஆனால் பக்கவாட்டில் 60 மீட்டர் காற்று வீசினால், 294 மைக்ரோ செகண்டில் ஒலி 17.6 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். ஏறக்குறைய 10 டிகிரி. 16 மில்லிமீட்டர் முகம் 200 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் கற்றை 7.5 டிகிரியிலேயே அணைந்துவிடும். எதிரில் இருப்பவருக்குக் காதே கேட்காது. 40 கிலோஹெர்ட்ஸில் அதே முகத்துக்கு 40 டிகிரி அகலம் இருப்பதால் கவலை இல்லை. கற்றை குறுகலாக இருப்பது இங்கே தகுதி இல்லை.

புயல் இல்லாமல் சோதிப்பது எப்படி?

கல்லூரிக் காற்றுச் சுரங்கம் 60 மீட்டர் தராவிட்டால் என்ன செய்வது? மின்னணுப் பகுதியைச் சோதிக்கக் காற்றே வேண்டாம். சிக்னல் ஜெனரேட்டரில் பதிவு செய்த அலையை 250 மைக்ரோ செகண்ட் தாமதத்தில் ஒருமுறை, 357 மைக்ரோ செகண்டில் ஒருமுறை ஏற்பிக்குக் கொடுங்கள். உங்கள் கோடு 60 மீட்டர் என்று சொல்லணும். அடுத்து வீச்சைப் பாதியாக்குங்கள், கால்வாசியாக்குங்கள், இரைச்சல் கலந்துவிடுங்கள். எந்த இடத்தில் சுற்று தவறுகிறதோ அதுதான் உங்கள் கருவியின் நிஜமான எல்லை. டேட்டா ஷீட்டில் அதைத்தான் எழுதணும். பூஜ்யத்துக்கு, கருவியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் மூடி இரவு முழுக்க ஓடவிடுங்கள். டிரான்ஸ்டியூசர், ஆம்ப்ளிஃபையர் இவற்றின் சொந்தத் தாமதம் அதில் வெளியே வரும். அதைக் கழிக்காமல் வெப்பநிலைச் சாட்சியை நம்ப முடியாது.

நிழலும் சுழலும் மட்டும் நிஜக் காற்றில்தான் தெரியும். சுரங்கம் 20 மீட்டர் வரை கொடுத்தாலும் போதும், கருவியை 5 டிகிரி 5 டிகிரியாகச் சுற்றி ஒரு முழு வட்டம் எடுத்து அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோக்கர்ஸ் வாக் போன்ற விளிம்பில் காற்று தரைக்கு இணையாக வராது. பள்ளத்தாக்கின் சரிவில் ஏறி, கீழிருந்து சாய்வாக வரும். 30 டிகிரி சாய்வில் வந்தால் கிடைமட்டக் கருவி பார்ப்பது 87 சதவீதம்தான், அதோடு கீழே உள்ள தாங்கியின் நிழல் வேறு. விளிம்பிலிருந்து பின்வாங்கி உயரமான கம்பத்தில் மாட்டுங்கள், இல்லையென்றால் செங்குத்துப் பாதை ஒன்றையும் சேர்த்து மூன்று பரிமாணமாக்குங்கள். டிரான்ஸ்டியூசர் முகங்களைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் மூடுபனித் துளி தங்காமல் வடியும். ஜனவரி உறைபனிக்கு முகத்தின் பின்னால் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சூடேற்ற வைக்கலாம். ஆனால் அதை எப்போதும் ஓட்டாமல், சிக்னல் வீச்சு குறையும்போது மட்டும் போடுங்கள். சோலார் பேனல் பேட்டரி கொடைக்கானல் மேகத்தில் அவ்வளவு தாங்காது.